மூடிமேல் தணல்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. எனக்கு உடம்பு பரவாயில்லை. இருமல் மட்டும் வந்த வீட்டை விட்டுப் போக மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? விடுதி மாடிப்படியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறாய் என்று கேட்டால் பொய்தான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. வாண்டு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? முன்பல் முளைத்துவிட்டதா?

பெரிய செய்தி ஒன்று. இங்கே கட்டும் பாலம் முடிய இன்னும் நான்கு வருடம் ஆகுமாம். அதனால் ஆற்றுக்கு அக்கரையில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு வீடு கட்டுகிறார்கள். பள்ளிக்கூடமும் வருகிறது. ஜூனில் சாவி தருவார்களாம். சமையல்காரிக்கும் வீடு உண்டா என்று இன்ஜினியர் சாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "உங்களுக்கு இல்லாமலா? நீங்க கிளம்பிட்டா மறுநாளே இங்க ஒருத்தன் இருக்க மாட்டான்" என்றார். கரண்டியோடு நின்று அழுதேன், அக்கா. வெங்காயம் என்று சமாளித்தேன்.

உன் முழங்கால் உன்னை இந்த முகாம் சமையல் வேலையிலிருந்து இறக்கிவிட்டபோது நான் ஏறிக்கொண்டேன். வாண்டுவின் அப்பா என்னை விட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்த நேரம். கூடாரத்தில் குழந்தையை வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். ஐந்து வயதுப் பிள்ளையை உன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது எட்டு. வருடத்துக்கு நான்கு நாள் வந்து போகிற என்னை விருந்தாளியைப் பார்ப்பது போலத்தான் பார்க்கிறாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர எனக்கு மனம் வரவில்லை. ஏப்ரல் விடுமுறையில் இரண்டு வாரம் இங்கே வந்து இருக்கட்டும், சார் சரி என்று சொல்லிவிட்டார். பிறகு, ஜூனிலிருந்து யாரோடு இருப்பது என்று அவளே சொல்லட்டும். அவள் சொல்வதற்கு நாம் இருவரும் கட்டுப்படுவோம். சரிதானே?

இன்னொன்று. அவள் எனக்கு எழுதும் கடிதத்தில் முக்கால்வாசி, நீ ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் விறகு மூட்டி இரும்புச் சட்டியில் செய்து தரும் பாஸ்தாதான். மேலே மொறுமொறுவென்று சீஸ், உள்ளே கொத்துக்கறி, தக்காளி. அதை நான் அவளுக்குச் செய்து போட வேண்டும். அந்தச் சட்டிக்கு ஜோடியாக ஒன்றை இங்கே விட்டுப் போனாயே, அதில் மூன்று வருடமாக வெந்நீர் போட்டுக்கொண்டிருக்கிறேன். திட்டாதே. உன் காலத்து ஆட்கள் இங்கே ஒருவரும் இல்லை. கைப்பேசி இந்தக் காட்டில் வெறும் டார்ச் லைட். ஒன்று விடாமல் நீதான் எழுத வேண்டும்.

வியாழக்கிழமை ஜீப் டிரைவரிடம் இதைக் கொடுக்கிறேன். பதிலையும் அவரிடமே கொடு. வாண்டுவின் இரண்டு கன்னத்துக்கும் என் முத்தம். ஒன்றை நீ எடுத்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 26
தாள் 1

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. விடுதியில் ஸ்டோர் சரிபார்க்கும் வேலை. அரிசி மூட்டைக்குக்கூட எண் போட்டு ஒட்டச் சொல்லிவிட்டார் வார்டன் அம்மா. அதனால்தான் தாமதம். என் முழங்கால் இருந்தபடியே இருக்கிறது. உன் இருமலுக்கு வெந்நீர் குடி. அதுதான் ஒரு சட்டி நிறைய வைத்திருக்கிறாயே.

வாண்டு நன்றாக இருக்கிறாள். இரண்டு முன்பல்லும் வந்துவிட்டன. இந்த வருடம் வகுப்பில் இரண்டாவது. கீழே தையல் கடைக்காரம்மாவின் மகளோடு ஒரே சிநேகிதம், இரண்டும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் பாடம் எழுதும். இருட்டைக் கண்டால் பயம். விளக்கை அணைத்த பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். கூடாரத்தில் எப்படி இருப்பாளோ. வீடு கிடைத்தது சந்தோஷம். அவள் சொல்வதற்குக் கட்டுப்படுவது என்கிறாய். சரி.

பாஸ்தா கேட்டாயே. பத்துப் பேருக்கு எழுதுகிறேன். குழாய் பாஸ்தா ஒன்றரைக் கிலோ. உப்புத் தண்ணீரில் பாதி வேக்காட்டிலேயே வடித்துவிடு, கடித்தால் நடுவில் வெள்ளையாகத் தெரிய வேண்டும். வெங்காயமும் பூண்டும் பொன்னிறமாக வதங்கியதும் கொத்துக்கறி, பிறகு தக்காளி. கறி வெந்த பிறகும் சாறு தளதளவென்று இருக்கட்டும். மீதி வேக்காட்டுக்குப் பாஸ்தா அந்தச் சாற்றைத்தான் குடிக்கும். சட்டிக்கு உள்ளே எண்ணெய் தடவு. ஒரு அடுக்கு பாஸ்தா, ஒரு அடுக்கு கறி, கொஞ்சம் சீஸ் என்று மாற்றி மாற்றி நிரப்பு. எல்லாவற்றுக்கும் மேலே மிச்ச சீஸ் முழுவதையும் தூவு. மூடு. விறகு எரிந்து தணலான பிறகு சட்டியை ஏற்று. முக்கால் மணி நேரம்.

ஜீப் வந்துவிட்டது.

அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, மானம் போய்விட்டது, மற்றபடி நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிறு ஒத்திகை பார்த்தேன். கூடாரத்துக்குப் பின்னால் மேஸ்திரி கட்டிக்கொடுத்த செங்கல் அடுப்பில் நல்ல தணலாக எடுத்து, சட்டியை ஏற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரை மணியில் கருகல் வாசனை. திறந்தால், மேலே தூவிய சீஸ் தூவினபடியே வெள்ளையாகச் சிரிக்கிறது. அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் கரி. துளைமிஷின்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, "இதத் துளைக்க எந்த பிட் போடணும்மா?" என்று கேட்டார். மேஸ்திரி மட்டும் பாவம், நடுவிலிருந்து நாலு வாய் தோண்டி எடுத்து நன்றாக இருக்கிறது என்றார். அந்த மனிதர் சிமெண்டைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்பார்.

நீ எழுதியதை எழுத்து விடாமல் செய்தேன். எங்கே தப்பு? அடி கருகாமல் மேலே எப்படி மொறுமொறுப்பாகும்? எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். உன் கடிதத்தின் மேல் 'தாள் 1' என்று இருக்கிறது. ஒரே தாள் என்றால் நீ எண் போட மாட்டாயே. இரண்டாவது தாள் ஒன்று இருந்ததா? ஜீப் அவசரத்தில் உறையில் வைக்க மறந்துவிட்டாயா? மேசை மேல் இருந்தால் அனுப்பு, அக்கா.

அவள் வர ஐந்து வாரம்தான் இருக்கிறது. மூன்று வருடமாக முப்பது ஆண்களுக்கு வடித்துக் கொட்டுகிறவளுக்கு ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் தட்டைப் பார்த்தால் பயம் என்று யாரிடம் சொல்ல, உன்னிடம்தானே.

அவளுக்கு என் அன்பு. படியில் பார்த்து இறங்கு.

தங்கை


மார்ச் 24
தாள் 1

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். பரீட்சை சமயம், விடுதியில் மூன்று வேளையும் பந்திதான், அதனால்தான் உடனே எழுதவில்லை.

எண் போடுவது இப்போது பழக்கமாகிவிட்டது, ஒரு தாள் என்றாலும் போட்டுவிடுகிறேன். இதிலும் போட்டிருக்கிறேன், பார். அன்றைக்கு எழுதியதும் ஒரே தாள்தான்.

தணலைக் குறைத்துப் பார். அவசரப்படாதே. உனக்குச் சின்ன வயதிலிருந்தே அடுப்பு என்றால் பொறுமை கிடையாது.

வாண்டுவுக்குப் போன வாரம் இரண்டு நாள் காய்ச்சல். இப்போது இல்லை. ஆனாலும் ஆள் இளைத்துவிட்டாள். இந்த விடுமுறையில்தான் வர வேண்டும் என்று என்ன கட்டாயம்? மழைக்குப் பிறகு வரலாம். அல்லது ஜூனில் வீடு தயாரான பிறகு நானே கூட்டிவந்து காட்டுகிறேன். யோசித்துச் சொல்.

அக்கா


ஏப்ரல் 7

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இருக்க வேண்டும்.

யோசித்தேன். தள்ளிப்போட முடியாது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், அதற்குப் பிறகு "வருடம் பாதியில் மாற்றக் கூடாது" என்பாய். இப்படியே அவளுக்குப் பதினாறு வயதாகிவிடும். கோபத்தில் எழுதவில்லை. சரி, கோபத்தில்தான் எழுதுகிறேன். காய்ச்சல் என்றால் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

தணலைக் குறைத்தும் பார்த்தாயிற்று. ஒன்றரை மணி நேரம் ஆகி, பாஸ்தா கூழாகிவிட்டது. சீஸ் அப்போதும் வெள்ளைதான். ஞாயிறுக்கு வேண்டிய சீஸ்தான் மிச்சம், இனி ஒத்திகை இல்லை. இந்த வியாழக்கிழமை இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஜீப்பிலேயே அவளை ஏற்றி அனுப்பு. கடிதத்தை வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடு. டிரைவரின் மனைவியும் துணைக்கு வருகிறார், பயமில்லை.

ஞாயிறு மதியம் அவளுக்கு எப்படியாவது அதைச் செய்து போடப்போகிறேன். ஆறு பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். அதனால் இந்தச் செங்கல் அடுப்பு வேண்டாம், ஆற்றங்கரை மணலிலேயே புதிதாக ஒன்று போடுகிறேன். ஆற்றுக்குள்ளிருந்தே உருண்டை உருண்டையாகக் கல் பொறுக்கி வைத்திருக்கிறேன், என்ன அழகு தெரியுமா, ஒவ்வொன்றும் பன் மாதிரி வழவழவென்று. வட்டமாக அடுக்கி நடுவில் தீ மூட்டினால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். இருட்டுக்குப் பயம் என்றாயே, நெருப்புக்கு அவள் பயப்படமாட்டாள்தானே?

வைக்கிறேன். முழங்காலைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஏப்ரல் 9, வியாழன், பிற்பகல்

தங்கச்சி,

நீ டிரைவரிடம் சொல்லியனுப்பியபடி குழந்தையை ஏற்றிவிட்டு, அது கையை ஆட்டிக்கொண்டே போய் மறைந்த பிறகுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் தெருவில் ஓடினேன். இந்த முழங்காலோடு ஓடினேன். ஜீப் போயேவிட்டது.

அந்தக் கல்லை வைக்காதே. ஆற்றுக்குள் கிடந்த கல்லை அடுப்புக்கு வைக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் ஊறியிருக்கும். சூடு ஏறினால் வெடிக்கும். உனக்கு முன்னால் அங்கே நான் இருந்தபோது ஒரு வெல்டருக்கு ஒரு கண் அப்படித்தான் போனது. நீ மூன்று வருடமாக காஸிலும் செங்கல் அடுப்பிலும் சமைத்தவள், உனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னால்தானே தெரியும்.

சொல்லத்தான் சொன்னேன். எழுதினேன். இரண்டாம் தாளில் எழுதினேன்.

இரண்டாம் தாள் இருந்தது. நீ கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன். இதோடு வைத்திருக்கிறேன், பார். அதில்தான் எல்லாம் இருக்கிறது. சட்டிக்கு அடியில் ஒரு பங்கு தணல் என்றால் மூடிக்கு மேலே இரண்டு பங்கு போட வேண்டும். அந்த மூடியைச் சுற்றி விளிம்பு வைத்திருப்பது தணல் சரியாமல் இருக்கத்தான். மேலே இருக்கும் சூட்டில்தான் சீஸ் உருகிச் சிவக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டியை ஒரு பக்கமும் மூடியை மறுபக்கமும் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். அதற்குக் கீழேதான் கல்லைப் பற்றி எழுதியிருந்தேன்.

இரண்டு தாளையும் மடித்து உறையில் போடப் போனேன். அப்போது அவள் வந்து என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, "பெரியம்மா, அம்மாவுக்கு இது வந்துட்டா எனக்கு அங்கயும் கிடைக்கும்ல?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். என் கை நின்றுவிட்டது. உனக்கு இது வராமல் போகட்டும் என்று நினைத்தேன். ஒரு வேளைச் சாப்பாடு கெட்டுப்போனால் போகட்டும், பிள்ளை என்னிடமே திரும்பி வரட்டும் என்று நினைத்தேன். கல் ஞாபகமே வரவில்லை. இது சத்தியம். சமையலை மட்டும் மறைப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். வயர்லெஸ் பழுது, சனிக்கிழமை ஆள் வந்து பார்ப்பார் என்கிறார் அங்கிருக்கும் கிளார்க். "சமையல் விஷயத்துக்கா இவ்வளவு பதறுறீங்க?" என்று சிரிக்கிறார். அடுத்து மேலே போவது சிமெண்ட் லாரி, அது திங்கட்கிழமைதான் புறப்படும். நீ சமைப்பது ஞாயிற்றுக்கிழமை. வாடகை வண்டி எதுவும் அந்தப் பாதையில் வர மாட்டேன் என்கிறது.

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்கா


ஏப்ரல் 12, ஞாயிறு

தங்கச்சி,

வயர்லெஸ் ஆள் நேற்று வரவில்லை. அலுவலகம் பூட்டியிருக்கிறது. வாசற்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மணி பதினொன்றரை. தக்காளி நறுக்கி முடித்திருப்பாய். தணலுக்காக விறகைப் பற்றவைத்திருப்பாய். அவள் எப்போதும் காற்று வரும் பக்கமாக, அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி, குத்துக்காலிட்டு உட்காருவாள். தள்ளி உட்காரு என்று நான் ஒவ்வொரு தடவையும் கத்துவேன்.

பன்னிரண்டு ஐந்து.

பன்னிரண்டரை. எனக்கு வேறு ஒன்றும் எழுத வரவில்லை.


ஏப்ரல் 14, செவ்வாய்

தங்கச்சி,

லாரி திரும்பி வந்துவிட்டது. டிரைவரை மடக்கிக் கேட்டேன். "கடுதாசியை அந்தம்மா கையிலேயே குடுத்துட்டேன்" என்றார். என்ன சொன்னாள் என்றேன். "ஒண்ணும் சொல்லல. கையில பெரிய கட்டுப் போட்டிருந்தாங்க." குழந்தையைப் பார்த்தீர்களா என்றேன். "குழந்தை எதையும் நான் பாக்கலம்மா. சிமெண்ட் இறக்குன கையோட கிளம்பிட்டேன்."

உன் கையில் கட்டு. அவள் எங்கே?

என் மேல் உனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் இருக்கட்டும், ஆயுசுக்கும் பேச வேண்டாம். ஒரே ஒரு வரி எழுது. அவளுக்குக் கண் நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுது.

அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

வாண்டு நன்றாக இருக்கிறாள். ஒரு கீறல் இல்லை. இதை முதலில் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி. பிறகு மிச்சத்தைப் படி.

வந்த அன்று ஜீப்பிலிருந்து இறங்கி, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று என்னைக் கேட்டாள். என்னை. 'நீங்க'. கட்டிப்பிடிக்கப் போன கையை மடக்கிக்கொண்டேன். மூன்று நாளும் தன் தட்டைத் தானே கழுவினாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். மேஸ்திரியோடுகூடச் சிரித்துப் பேசினாள், என்னோடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் முதலில் போய்த் தீ மூட்டிவிட்டு, அவளைக் கூப்பிட்டேன். மணலில் குதித்துக்கொண்டுதான் வந்தாள். அடுப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இந்தக் கல்லு எங்க எடுத்தீங்க?" என்றாள். ஆற்றில்தான் என்றேன், பெருமையாக. அக்கா, அவள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. "பெரியம்மா தண்ணிக் கல்லு வைக்கவே மாட்டாங்க. வெடிக்கும்!" நான் சிரித்தேன். என்ன செய்வது, சிரித்தேன். "கல்லு எங்கயாவது வெடிக்குமாடி?" என்று கேட்டுவிட்டு, அவளைப் பக்கத்தில் உட்காரக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. ஓவென்று அழ ஆரம்பித்தாள். சரி, பிள்ளை பயப்படுகிறதே என்று, அவளைத் தூரத்துப் பாறைக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்லிவிட்டு, இடுக்கியால் கல்லை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தேன். நான்காவது கல் இழுக்கும்போது வெடித்தது. துப்பாக்கிச் சத்தம் மாதிரி. ஒரு சில்லு என் உள்ளங்கைக்குக் கீழே கிழித்துக்கொண்டு போனது. இன்னொன்று, நான் அவளை உட்காரச் சொன்ன இடத்தில் மணலுக்குள் ஒரு சாண் ஆழத்தில் போய்ச் சொருகிக்கொண்டது. நான் அதைத் தோண்டி எடுத்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

"நீ கைய எடும்மா! எடும்மா!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள். 'நீ' என்றாள்.

முகாம் டாக்டர் ஐந்து தையல் போட்டார். அதற்குள் துளைமிஷின்காரர் செங்கல்லைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டார். என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வாண்டுதான் அதிகாரம். தணலை மூடிமேல் கொட்டச் சொன்னாள். எனக்கு உயிரே போய்விட்டது, "மேல எதுக்குடி?" என்றேன். "பெரியம்மா அப்பிடித்தான் செய்வாங்க. மேல ரெண்டு பங்கு, கீழ ஒரு பங்கு." இடுப்பில் கை வைத்துக்கொண்டு, உன்னை உரித்து வைத்தது மாதிரி. பிறகு என்னைப் பார்த்து, "பெரியம்மா உனக்கு எழுதலையா?" என்று கேட்டாள்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 'தாள் 1' கண் முன்னால் வந்து நின்றது. உன் கடிதம் கிடைப்பதற்கு முந்தின நாள் இது.

"எழுதினாங்க. நான்தான் சரியாப் படிக்கல" என்றேன்.

பாஸ்தா பொன்னாக வந்தது. இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். எனக்கு ஒரு கைதான் என்று ஊட்டிவிட்டாள். எனக்கு ருசி தெரியவில்லை, அக்கா. உன்னை நினைத்துக்கொண்டே மென்று விழுங்கினேன்.

திங்கள் மதியம் உன் இரண்டு கடிதமும் வந்தன. லாரிக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். "பதில் ஏதாச்சும் சொல்லணுமாம்மா?" என்று டிரைவர் கேட்டார். பிள்ளை கூடாரத்துக்குள் படம் வரைந்துகொண்டிருந்தது. நன்றாக இருக்கிறாள் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். வேண்டுமென்றேதான். நீ துடிக்கட்டும் என்றுதான். லாரி போன பிறகு திருப்தியாகக்கூட இருந்தது. அது ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. நேற்றெல்லாம் நீ தெருமுனையில் லாரிக்காக நிற்பது மாதிரியே தோன்றிக்கொண்டிருந்தது. நீ ஒரு தாளை மறைத்தாய், நான் ஒரு வார்த்தையை மறைத்தேன். நம் இரண்டு பேருக்கும் ஒரே அம்மாதான், சந்தேகமே வேண்டாம்.

நேற்று மாலை அவளாகவே கேட்டாள், "ஜூன்ல என் புத்தகமெல்லாம் எப்படிம்மா கொண்டு வரது?" என்று. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். மூன்று வருடமாக நான் காத்திருந்த வார்த்தை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. உனக்கு இதை எழுதும்போது அந்தச் சந்தோஷம் பாதியாகிவிடுகிறது, அதற்கும் உன் மேல்தான் கோபம் வருகிறது.

இருபத்துமூன்றாம் தேதி ஜீப்பில் அனுப்புகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான்தான் சரியாகப் படிக்கவில்லை என்று அவளிடம் சொன்னது அப்படியே இருக்கட்டும். நீ மாற்றாதே. அவளை இந்த மூன்று வருடம் வளர்த்தது நீ. அவளுக்கு உன்னை இப்படித் தெரிய வேண்டாம்.

தையல் பிரித்த பிறகு சரியாக எழுதுகிறேன். இது பேனாவை இடது கையால் பிடித்து, கட்டுப் போட்ட வலது கையால் தள்ளி எழுதியது.

தங்கை


ஏப்ரல் 29

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கை ஆறிவிட்டதா? தண்ணீர் படாமல் வைத்துக்கொள். கொஞ்ச நாளைக்குப் பாத்திரத்தை அந்தத் துளைமிஷின்காரர் தேய்க்கட்டும், வாய் மட்டும் நீளமாக இருந்தால் போதாது. வாண்டு வெயிலில் கறுத்து, கொஞ்சம் சதை போட்டு வந்திருக்கிறாள். எனக்கு ஓடின ஓட்டத்தில் முழங்கால் வீங்கி, இப்போது வடிந்திருக்கிறது.

நீ கேட்டுக்கொண்டதை நான் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வந்து இறங்கியதிலிருந்து உன்னைப் பற்றியேதான் பேச்சு. "அம்மாவுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது பெரியம்மா. நீ அவ்வளவு சொல்லியும் சரியாப் படிக்கல பாரு. நான் பக்கத்துல இருந்தாத்தான் சரிப்படும்." நான்கு நாள் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், சுகமாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் தையல் கடை வாசலில் உட்கார்ந்து சிநேகிதியிடம், "எங்கம்மா வெடிக்கிற கல்லு வெச்சு சமைப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தப் பிள்ளையும் சிரித்தது. தையல்காரம்மாவும் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். என்னால் தாங்க முடியவில்லை. மேலே கூப்பிட்டேன்.

கட்டிலில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மறக்கவில்லை, நான்தான் எழுதி அனுப்பாமல் வைத்துக்கொண்டேன், கேட்டபோது பொய்யும் சொன்னேன் என்று. ஏன் என்று கேட்டாள். நீ போய்விடுவாய் என்று பயந்தேன் என்றேன். அம்மாவுக்குக் கண் போயிருந்தால் என்று கேட்டாள்.

அன்று இரவு அவள் என் விரலைப் பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மறுநாள் விடுதிக்கு என் பின்னாலேயே வந்தாள், ஸ்டோர் ரூமில் ஒரு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் பருப்பு அளந்துகொண்டிருந்தேன். திடீரென்று, "பெரியம்மா, நீ போகாதேன்னு எங்கிட்ட ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

கேட்டதே இல்லை, தங்கச்சி. முன்பல் வந்ததைச் சொன்னேன், காய்ச்சலைச் சொன்னேன், இருட்டுக்குப் பயப்படுவதை உனக்கு எழுதினேன். போகாதே என்று அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால் இருந்திருப்பாளோ என்னவோ. இனிமேல் கேட்க மாட்டேன். பருப்பு அளந்த படியை அப்படியே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், அவளும் அழுதாள். வார்டன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

புத்தகத்தையும் துணிமணியையும் இரண்டு பெட்டியில் அடுக்கியிருக்கிறோம். அவள் விரலைப் பிடித்துத் தூங்கும் பழக்கத்தை நீதான் இனி பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்டுவிரல்தான் பிடிப்பாள், அது போதும். ஜூன் முதல் வியாழக்கிழமை ஜீப்பை அனுப்பச் சொல். டிரைவரோடு அனுப்ப மாட்டேன், நானே கொண்டுவந்து உன் கையில் விடுகிறேன். அதனால் வரும்போது இரண்டு இடம் வேண்டும் என்று சொல்லிவை. திரும்பும்போது ஒன்று போதும்.

அக்கா